கொறக்களிக்கு தடவின எண்ணெய்யும் ஏறிப்போன ஐஎன்ஆரும்: ஒரு நிகழ்வு ஆய்வு

எழுதுறதுக்கு முன்ன

இது நான் நர்ஸா வேலை செய்ற எடத்துல நேரா பாத்த விசயம். அந்த அக்காவோட பேரு, தோட்டத்து பேரு, ஆஸ்பத்திரி பேரு எதுவும் போடல, அவங்ககிட்டயும் அவங்க வீட்டுக்காரர்கிட்டயும் கேட்டு அவங்க சரின்னு சொன்ன பொறகுதான் எழுதுறேன். அக்கா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க: "எழுதுங்க மிஸ், ஆனா நொச்சி எலைய கெட்டதுன்னு மட்டும் எழுதிறாதீங்க, அது எங்கம்மா கைமருந்து." நானும் நுவரெலியா மாவட்டத்துல ஒரு லயத்துல, தோட்டத்து ஆளுங்க இருக்கிற வரிசை வீட்டுல, பொறந்தவதான், எங்கம்மா கால்லயும் அதே எலையதான் கட்டுனோம், அதனால அந்த வார்த்தைய மறக்காமதான் எழுதுறேன்.

அக்காவோட நெலம முன்ன எப்படி இருந்துச்சி

வயசு 46. கொழுந்து பறிக்கிறவங்க, 19 வயசுல பேர் பதிஞ்சி இன்னைக்கு வரைக்கும் அதே தோட்டம். சின்ன வயசுல மூட்டெல்லாம் வீங்கி காய்ச்சல் வந்துருக்கு, தொண்டை நோவுல இருந்து வர்ற ருமாட்டிக் காய்ச்சல் அது, அப்ப அத யாரும் பெருசா எடுக்கல, அது இதயத்து வால்வ அரிச்சிருச்சி. 31 வயசுல மைட்ரல் வால்வ எடுத்துட்டு உலோக வால்வு வெச்சாங்க. உலோக வால்வுல ரத்தம் கட்டிக்காம இருக்க வாழ்நாள் பூரா வோஃபரின் குளிசை குடிக்கணும். குளிசை கொறைஞ்சா வால்வுல கட்டி விழும், கூடுனா ரத்தம் நிக்காது. அந்த நடு அளவ பாக்குறதுதான் ஐஎன்ஆர் டெஸ்ட், எண் கூடுனா ரத்தம் நிக்க நேரமாகும்னு அர்த்தம், இவங்களுக்கு 2.5ல இருந்து 3.5க்குள்ள நிக்கணும்.

எங்க கிளினிக்குக்கு 6 வருஷமா வர்றாங்க. ஒரு மாசம் தவறினது இல்ல. கிளினிக் கொப்பிய ஷொப்பிங் பேக்குல சுத்தி, நனையாம, மார்போட அணைச்சி கொண்டு வர்ற ஆள். கடைசி 8 தடவையும் ஐஎன்ஆர் 2.6க்கும் 3.4க்கும் நடுவுலதான். நாங்க மத்தவங்களுக்கு உதாரணம் காட்டுற ஆளே இவங்கதான்.

இந்த பிரச்சினைக்கு 3 மாசம் முன்ன கால் லேசா வீங்குதுன்னு ஃப்ரூசமைட், நம்ம ஆளுங்க சொல்ற தண்ணி குளிசை, 40 மில்லிகிராம் ஒண்ணு காலையில குடிக்க சொல்லி எழுதியிருந்துச்சி. அத அவங்க காலையில குடிக்கல. ஏன்னா பிரட்டுக்கு, அதாவது காலையில பேர் குடுத்து வேலை பிரிக்கிற எடத்துக்கு, போயிட்டு மலை ஏறிட்டா அங்க பொம்பளைங்களுக்கு கக்கூசு கெடையாது, தண்ணி குளிசை குடிச்சிட்டு மலையில நின்னா என்ன செய்றது, அதனால சாயங்காலம் கொழுந்து நிறுத்து வீட்டுக்கு வந்த பொறகு 6 மணிக்கு குடிச்சிருக்காங்க, ராவெல்லாம் எழும்பி வெளிய இருக்கிற கக்கூசுக்கு குளிர்ல போயிட்டு வந்துருக்காங்க. அதோட பகல்ல தண்ணியும் குடிக்கிறதில்ல, காலையில ஒரு சாயத்தண்ணி, மத்தியானம் ரொட்டியோட இன்னொண்ணு, அவ்வளவுதான். இது இவங்க ஒராள் பழக்கம் இல்ல, மலையில நிக்கிற பொம்பளைங்க பாதி பேரு இப்படித்தான் தாகத்த அடக்கி வெச்சிருக்காங்க. இத நாங்க கிளினிக்குல கேக்கவே இல்ல. எல்லாம் ரொம்ப பிந்திதான் தெரிய வந்துச்சி.

கொறக்களியும் நொச்சியும்

கெண்டைக்கால்ல கொறக்களி, அதாவது தசை இறுகி இழுத்து புடிக்கிற வலி, இவங்களுக்கு புதுசு இல்ல. சரிவுல ஒரு கால் மேல ஒரு கால் கீழன்னு நாள் பூரா நின்னு, முதுகுல கொழுந்த சுமந்து எறங்குற ஆளுக்கு கெண்டை தசை எப்பவும் இழுத்து புடிச்ச கயிறு மாதிரிதான் இருக்கும். மாசத்துல ரெண்டு மூணு தடவ ராவுல இழுக்கும், வீட்டுக்காரர் எழும்பி கால் விரல முட்டிப்பக்கமா மடக்கி புடிப்பாரு, அடங்கிரும்.

அதுக்கு இவங்க செய்ற வைத்தியம் நொச்சி. சிங்கள ஆளுங்க நிக்கன்னு சொல்றது இதேதான். உச்சி மலைக்குளிர்ல அது செழிப்பா வராது, கீழ்ப்பக்கம் கட்டிக்குடுத்த தங்கச்சி வரும்போதெல்லாம் ஒரு கட்டு ஒடிச்சிட்டு வருவாங்க. எலைய ரொட்டிக்கல்லுல வாட்டி, கை பொறுக்குற சூட்டுல கெண்டையில வெச்சி, பழைய சேலைத்துணியால சுத்தி கட்டி படுக்குறது. சூடு தசைய தளர்த்தும், வலி எறங்கும், தூக்கம் வரும். 6 வருஷமா இத செஞ்சிருக்காங்க, அந்த 6 வருஷமும் ஐஎன்ஆர் ஒழுங்கா இருந்ததுக்கு கொப்பியே சாட்சி.

தண்ணி குளிசை தொடங்கின பொறகு கொறக்களி மெதுவா கூடியிருக்கு. வாரத்துக்கு ரெண்டு, அப்பறம் மூணு. தை மாசம் தரையெல்லாம் வெள்ளையா பனி பூத்த சமயம் ஒரு நாள் விடாம இழுத்துருக்கு, ஒரு ராவுல ரெண்டு தடவ, மூணு தடவ. நொச்சிக்கு கட்டுப்படல. ஒரு பழக்கமான வலி திடீர்னு பழைய மருந்துக்கு கட்டுப்படலன்னா உள்ள ஏதோ மாறியிருக்குன்னு அர்த்தம், அது இப்ப எனக்கு தெளிவா தெரியுது, அன்னைக்கு அந்த லயத்துல இருந்தவங்களுக்கு அது குளிராத்தான் தெரிஞ்சிருக்கு.

போத்தல் வந்த கதை

அக்காவோட அண்ணன் மகன் டவுன் பக்கம் போனவரு, ரோட்டோரத்து கடையில வின்டர்கிரீன் எண்ணெய் ஒரு போத்தல் வாங்கிட்டு வந்து குடுத்துருக்காரு. "அத்தை, இது நம்ம மலையில வர்ற எலையில எடுக்கிறது, கெமிக்கல் ஒண்ணும் இல்ல, காலுக்கு போடுங்க"ன்னு. பாசத்துல வாங்கி வந்ததுதான், அதுல எந்த தப்பும் நான் சொல்ல மாட்டேன். போத்தல்ல பேர் மட்டும்தான் ஒட்டியிருந்துச்சி, எவ்வளவு போடணும், யாரு போடக்கூடாதுன்னு ஒரு எழுத்து இல்ல.

இந்த செடிய பத்தி கொஞ்சம் சொல்லணும். கோல்தேரியா இனம், சிங்களத்துல வெல் கப்புருன்னு சொல்றது. உயர்ந்த மலையில, புல்வெளி ஓரத்துல, பாறை சந்துல வளர்ற சின்ன புதர், வெள்ளையா மணி மாதிரி பூ, நீலமா பழம். ஹோர்டன் சமவெளி பக்கம் பாத்தவங்களுக்கு தெரியும், ஆனா அது 1988ல இருந்து தேசிய பூங்கா, அங்க ஒரு எலை கிள்ளக்கூட கூடாது. எலைய கசக்குனா தசை வலிக்கு போடுற பாம் வாசம் அப்படியே வரும். வராம என்ன, அந்த பாம்ல இருக்கிற மெத்தில் சலிசிலேட்தான் இந்த எலையில இருந்தும் வர்றது. பச்சை எலையில அது சீனியோட ஒட்டின வடிவத்துல அடங்கி கெடக்கும், எலைய நசுக்கி ஊற வெச்சா பிரிஞ்சி வெளிய வரும், அப்பறம் ஆவியில வடிச்சி எடுக்கிறாங்க. ஒரு கிலோ எலை போட்டாலும் ஒரு தேக்கரண்டி அளவுலதான் எண்ணெய் கெடைக்கும். அந்த எண்ணெய்ல 95 வீதத்துக்கு மேல மெத்தில் சலிசிலேட் மட்டும்தான். கடை போத்தல்ல இருக்கிறது எலையில வடிச்சதா ஃபேக்டரியில செஞ்சதான்னு மூக்கால கண்டுபுடிக்க முடியாது, ரெண்டும் ஒடம்புக்குள்ள செய்ற வேலை ஒண்ணுதான்.

ஆஸ்பிரினுக்கு சொந்தக்காரன் இது. தோல் வழியா உள்ள போய் சலிசிலிக் அமிலமா மாறும். சாதாரண ஆளுக்கு, நல்லா கலந்து தண்ணியாக்கின எண்ணெய்ய கொஞ்சமா தடவுனா வலி கொறையும், அது உண்மை, இதுக்கு மருந்துன்னு பேர் வந்தது சும்மா இல்ல. ஆனா வோஃபரின் குடிக்கிற ஆளுக்கு இது வேற கதை. ரத்தத்துல புரதத்தோட ஒட்டியிருக்கிற வோஃபரின சலிசிலேட் தள்ளி வெளிய விடும், ரத்தம் கட்ட உதவுற ரத்த தட்டுகளோட வேலையையும் மட்டுப்படுத்தும், குடிச்ச குளிசை அதே அளவா இருந்தாலும் உள்ள அது செய்ற வேலை கூடிரும். ஹொங்கொங்ல இந்த மாதிரி மருந்து எண்ணெய் தடவி ஐஎன்ஆர் ஏறினவங்கள பத்தி 1990கள்லயே டொக்டர்மார் எழுதியிருக்காங்க.

இங்க நடந்தது அதவிட ஒரு படி மேல. அக்கா எண்ணெய்ய மட்டும் தடவல. ஒவ்வொரு ராவும் ஒரு தேக்கரண்டி அளவு, கலக்காம அப்படியே, ரெண்டு கெண்டையிலயும் நல்லா அழுத்தி தேச்சி, அது மேல நொச்சி எலைய வாட்டி சூடா வெச்சி, துணி எண்ணெய் ஆகிரும்னு ஷொப்பிங் பேக்க சுத்தி, அதுக்கு மேல துணி கட்டி விடியிற வரைக்கும் படுத்துருக்காங்க. சூடு, தேய்ப்பு, காத்து போகாத கட்டு, மூணும் தோல் வழியா மருந்த உள்ள இழுக்கிற வேலைய பல மடங்கு கூட்டுற விசயம். எலை மட்டும் இருந்தப்ப எந்த கட்டு நல்லது செஞ்சதோ, அதே கட்டு எண்ணெய்க்கு பம்பு மாதிரி ஆயிருச்சி. எனக்கு இந்த கேஸ்ல மனசுல நிக்கிறது இதுதான்.

12 நாள் போட்டாங்க. வலி கொறைஞ்சது, தூங்குனாங்க. அதனால நிப்பாட்ட எந்த காரணமும் அவங்களுக்கு தெரியல.

மொத அறிகுறிங்க

8வது, 9வது நாள் கை முட்டிக்கு கீழயும் தொடையிலயும் கன்னிப்போன மாதிரி நீலமா தழும்பு. தேயிலை மாறு குத்தியிருக்கும்னு விட்டுட்டாங்க. பல்லு வெளக்குனா ஈறுல ரத்தம். அந்த மாசத்து போக்கு வழக்கத்தவிட ரொம்ப கூட, 4 நாள்ல நிக்கிறது 8 நாளாகியும் நிக்கல, ஆனா இந்த வயசுல அப்படித்தான் வரும்னு பக்கத்து காம்பரா, அதாவது பக்கத்து லயத்து வீட்டு, அக்கா சொல்ல, யார்கிட்டயும் சொல்லாம துணிய மாத்தி மாத்தி வேலைக்கு போயிருக்காங்க. 12வது நாள் மலையில தலை சுத்தி ஒக்காந்துட்டாங்க. கங்காணிதான் ரெண்டு பேர கூட அனுப்பி தோட்டத்து டிஸ்பென்சரிக்கு கூட்டிட்டு போக வெச்சாரு.

டிஸ்பென்சரியில தழும்பையும் ஈறையும் பாத்தவுடன டெங்குவா இருக்குமோன்னு ஒரு யோசனை, அப்ப அந்த பக்கம் ரெண்டு பேருக்கு டெங்கு வந்துருந்துச்சி. ஆனா காய்ச்சல் இல்ல. அங்க இருந்த ஐயா கிளினிக் கொப்பிய வாங்கி பாத்து, வோஃபரின்னு கண்டவுடன ஒரு நிமிஷம் தாமதிக்காம தோட்டத்து வாகனத்துல பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாரு. அன்னைக்கு எடுத்த முடிவுகள்ல ரொம்ப பெறுமதியான முடிவு அதுதான்னு நான் நெனைக்கிறேன்.

வார்டுல பாத்ததும் செஞ்சதும்

ஐஎன்ஆர் 7.8. ஹீமோகுளோபின் 9.1. ரத்த தட்டு எண்ணிக்கை 2 லட்சத்துக்கு மேல, அதனால டெங்கு யோசனைய தள்ளி வெச்சாச்சி. தலைவலி, வாந்தி, கை கால் மரத்தல் எதுவும் இல்ல, தலையில அடிபடவும் இல்ல, வயித்துக்குள்ள ரத்தப்போக்குக்கும் அறிகுறி இல்ல.

டொக்டர் அன்னைக்கு ராவு வோஃபரின நிறுத்தி, வைட்டமின் கே 1 மில்லிகிராம் மட்டும் அளந்து வாயால குடுக்க சொன்னாரு. அக்காவோட வீட்டுக்காரர் என்கிட்ட தனியா கேட்டாரு, "ஏன் மிஸ், ரத்தம் போகுதுங்கிறீங்க, நிறுத்துற மருந்த இம்புட்டு கொஞ்சமா குடுக்குறீங்க?" கேள்வி நியாயமானதுதான். உலோக வால்வு உள்ள ஆளுக்கு வைட்டமின் கேய அள்ளி குடுத்தா ஐஎன்ஆர் ஒரேடியா கீழ விழுந்து வால்வுல ரத்தம் கட்டிரும், பொறகு நாள்கணக்கா வோஃபரினும் வேலை செய்யாது. உயிர் போற மாதிரி ரத்தப்போக்கு இருந்தா அது வேற, இவங்களுக்கு அப்படி இல்ல, அதனால வார்டுல வெச்சி பாத்துக்கிட்டே மெதுவா எறக்குறதுன்னு முடிவு.

அடுத்த நாள் 5.2. மூணாம் நாள் 3.4. அன்னைக்கு சாயங்காலமே பழைய அளவுலயே வோஃபரின் திரும்ப தொடங்கினாங்க.

ஆனா ஏன் ஏறிச்சின்னு தெரியாம வீட்டுக்கு அனுப்ப முடியாது. குளிசைய எண்ணி பாத்தோம், கணக்கு சரியா இருந்துச்சி. அண்டிபயோட்டிக் எதுவும் எடுக்கல. கீரை சாப்பாட்டுல மாற்றம் இல்ல. ஈரல் டெஸ்ட் சரி. "வேற மருந்து ஏதாச்சும் குடிச்சீங்களா?"ன்னு அனுமதிச்ச டொக்டர் கேட்டாரு, வார்டு டொக்டர் கேட்டாரு, நானும் கேட்டேன். மூணு பேருக்கும் ஒரே பதில், "இல்ல."

ரெண்டாம் நாள் ராத்திரி போர்வைய மாத்தி விடும்போதுதான் அந்த வாசம் எனக்கு அடிச்சிச்சி. 2 நாள் போடாமலும் தோல்ல இருந்துச்சி. நான் கேட்டேன், "அக்கா, காலுக்கு என்ன தடவுறீங்க?"

"அது எண்ணெய்தானே மிஸ், மருந்து இல்லையே."

அவங்க பொய் சொல்லல. வாயால குடிக்கிறதுதான் மருந்து, தடவுறது எண்ணெய், கட்டுறது எலை, புடிக்கிறது வேது. நான் பொறந்த லயத்துலயும் அந்த வார்த்தைங்களுக்கு அதேதான் அர்த்தம், அது தெரிஞ்சும் நான் 6 வருஷமா கிளினிக்குல "மருந்து ஏதாச்சும்"னுதான் கேட்டிருக்கேன். வீட்டுக்காரர அடுத்த நாள் போத்தல கொண்டு வர சொன்னோம். மூடிய தொறந்தவுடன வார்டே மணந்துச்சி. முக்காவாசி காலி.

போத்தல் வீட்டுல எங்க இருந்துச்சின்னு கேட்டேன். சன்னல் திண்டுல. வீட்டுல 4 வயசு பேரப்புள்ள ஒண்ணு இருக்கு. கலக்காத இந்த எண்ணெய் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீட்டர், 300 மில்லிகிராம் ஆஸ்பிரின் குளிசை 20க்கு மேல முழுங்கினதுக்கு சமம். புள்ளை வாசத்துக்கு ஆசப்பட்டு ஒரு வாய் குடிச்சிருந்தா உயிருக்கே ஆபத்தா போயிருக்கும். அத கேட்டு அவரு நின்ன எடத்துல ஒக்காந்துட்டாரு. போத்தல் திரும்ப வீட்டுக்கு போகல.

கொறக்களிக்கு காரணம் தேடினது

எண்ணெய்ய நிறுத்துனா ஐஎன்ஆர் சரியாகும், ஆனா கொறக்களி திரும்ப வரும், வந்தா அக்கா வேற ஏதாச்சும் தேடுவாங்க. இத நான் ரவுண்ட்ல சொன்னேன், டொக்டரும் ஏத்துக்கிட்டாரு. கெண்டை ஒரு பக்கம் மட்டும் வீங்கி, சூடா, தொட்டா நோகுதான்னு மொதல்ல பாத்தோம், ஏன்னா கால் ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டினாலும் அது கொறக்களி மாதிரி வலிக்கும், அந்த கால தேய்க்கவே கூடாது. இவங்களுக்கு அப்படி இல்ல, ரெண்டு காலும் ஒரே அளவு. பாதத்துல நாடி நல்லா இருந்துச்சி. சீனி வியாதி இல்ல, சிறுநீரகம் சரி. பொட்டாசியம் பாத்தா 3.0, குறைஞ்சது 3.5 இருக்கணும்.

அங்கதான் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துச்சி. தண்ணி குளிசை பொட்டாசியத்த சிறுநீரோட கொண்டு போயிரும், கூடவே பகல் பூரா தண்ணி குடிக்காத ஒடம்பு, ராவெல்லாம் எழும்பி கெட்டுப்போன தூக்கம், மேல குளிர். தண்ணி குளிசை தொடங்கின தேதியையும் கொறக்களி கூடின காலத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சி பாத்துருந்தா 2 மாசம் முன்னமே புடிச்சிருக்கலாம். அந்த தேதி எங்க கையெழுத்துலதான் கொப்பியில இருந்துச்சி.

எடுத்த முடிவுகள்

தண்ணி குளிசைய பாதியா, 20 மில்லிகிராமுக்கு கொறைச்சாங்க. கால் வீக்கமும் மூச்சும் கூடுதான்னு பாத்துக்கணும்னு சொல்லித்தான் கொறைச்சாங்க. கொஞ்ச நாளைக்கு பொட்டாசியம் குளிசை. ரத்தம் போனதுக்கு இரும்புச்சத்து. மாசப்போக்க பத்தி பொம்பளை நோய் டொக்டர்கிட்டயும் அனுப்பினாங்க, வோஃபரின் குடிக்கிறவங்களுக்கு அது தனியா பாக்க வேண்டிய விசயம்.

நேரம் பத்தி ரொம்ப நேரம் பேசினோம். இந்த குளிசை குடிச்சி 1 மணி நேரத்துக்குள்ள வேலைய தொடங்கி, ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல உச்சத்துக்கு போய், ஒரு 6 மணி நேரத்துல ஓஞ்சிரும். அக்கா எப்படியும் காலையில நாலரைக்கு அடுப்பு மூட்ட எழும்புறவங்க. அப்ப குடிச்சா பிரட்டுக்கு போறதுக்குள்ள பெரும்பகுதி முடிஞ்சிரும். இத நான் சொல்லல, நேரக்கணக்க நான் சொன்னவுடன அக்காவே கண்டுபுடிச்சி சொன்னாங்க.

நொச்சி விசயத்துலதான் கொஞ்சம் வாதம். வார்டுல ஒரு டொக்டர் எல்லா எலையையும் நிறுத்த சொல்லுங்கன்னாரு, பாதுகாப்புக்கு சொன்னது, புரியுது. ஆனா எல்லாத்தையும் தடுத்தா அடுத்த தடவ ஒளிச்சித்தான் செய்வாங்க, ஒளிச்சி செய்றத நம்மால பாக்கவும் முடியாது கணக்கு எடுக்கவும் முடியாது. 6 வருஷ ஐஎன்ஆர காட்டி பேசினேன். கடைசியில ஒத்துக்கிட்டது இதுதான்: வாட்டின நொச்சி எலை துணியோட கட்டலாம், கீழ எந்த எண்ணெய்யும் பாமும் கூடாது, பொலித்தீன் கூடாது, அழுத்தி தேய்க்கக்கூடாது ஏன்னா கன்னிப்போயிரும், எலைய கஷாயம் வெச்சி குடிக்கக்கூடாது.

வீட்டுக்காரர் இன்னொண்ணும் கேட்டாரு. அவங்க தாத்தா காலத்துல கொறக்களிக்கு கொய்னா, அதாவது மலேரியாவுக்கு குடுக்கிற குவினைன், குடுப்பாங்களாம், அது கெடைக்குமான்னு. கேள்விக்கு பின்னால ஒரு சரித்திரமே இருக்கு, ஹக்கல தாவரவியல் தோட்டத்த 1861ல தொடங்கினதே கொய்னா எடுக்கிற சின்கோனா மரம் வளர்த்து பாக்கத்தான். கொய்னா கொறக்களிய கொஞ்சம் கொறைக்கும், அதுவும் உண்மைதான். ஆனா ரத்த தட்ட ஆபத்தா கொறைக்கும், இதயத்துடிப்ப கொழப்பும், வோஃபரின் வேலையையும் கூட்டும். அமெரிக்காவுல 2006லயே அனுமதி இல்லாத கொய்னா மருந்துங்கள கடையில இருந்து எடுக்க வெச்சிட்டாங்க. வால்வு மாத்தின அக்காவுக்கு அது வேணவே வேணாம்னு சொல்லிட்டோம்.

அதுக்கு பதிலா படுக்க முன்ன கெண்டைய நீட்டுற பயிற்சி. சுவத்த பாத்து நின்னு, ஒரு கால பின்னால வெச்சி, குதிகால் தரையில படிஞ்சபடி முன்னால சாய்ஞ்சி 10 வரைக்கும் எண்ணணும், ரெண்டு காலுக்கும் மூணு மூணு தடவ. லயத்து காம்பராவுல அதுக்கு எடம் போதும். தண்ணி போத்தல் ஒண்ணு மலைக்கு கொண்டு போகணும்னும் சொன்னோம்.

வோஃபரின் பத்தி அக்காவுக்கு ஒரு வெளக்கமும் குடுத்தேன். 1920கள்ல வட அமெரிக்காவுல மாடுங்க காரணம் இல்லாம ரத்தம் போய் செத்துச்சி, பாத்தா பூஞ்சை புடிச்ச ஒரு தீவனப்புல்ல தின்னதுல வந்தது, அந்த புல்லுல கண்டுபுடிச்ச பொருள வெச்சித்தான் பின்னால வோஃபரின செஞ்சாங்க. "அப்ப நான் குடிக்கிறதும் ஒரு புல்லோட மருந்துதானா மிஸ்?"னு கேட்டாங்க. அதுக்கு பொறகுதான் தடவுற எண்ணெய்யையும் மருந்துன்னு ஏத்துக்கிட்டாங்க.

அப்பறம் என்ன ஆச்சி

5வது நாள் வீட்டுக்கு போனாங்க. ஒரு வாரத்துல ஐஎன்ஆர் 2.7, ஒரு மாசத்துல 3.1, வோஃபரின் அளவ மாத்தவே இல்ல. பொட்டாசியம் 3.9. ஹீமோகுளோபின் மூணு மாசத்துல 11ஐ தாண்டிருச்சி. தழும்பெல்லாம் 3 வாரத்துல மறைஞ்சிருச்சி.

கொறக்களி முழுசா போகல. ஒரு நாள் விடாம வந்தது இப்ப வாரத்துக்கு ஒண்ணு, சில வாரம் இல்ல. செங்குத்தான மலையில வேலை போட்ட நாள் வருதுன்னு அக்காவே கவனிச்சி வெச்சிருக்காங்க. தோட்டத்து சங்க தலைவர் பேசினதால ஒரு மாசம் லயத்துக்கு கிட்ட இருக்கிற மலையில வேலை குடுத்தாங்க, அந்த மாசம் தண்ணியும் குடிச்சாங்க, கொறக்களியும் கொறைஞ்சிச்சி. பொறகு பழையபடி தூர மலை.

அண்ணன் மகன் கிளினிக்குக்கு வந்து என்கிட்ட மன்னிப்பு கேட்டாரு. மன்னிப்பு கேக்க வேண்டிய ஆள் அவரு இல்லன்னுதான் சொன்னேன். இப்ப அவரே லயத்துல வால்வு மாத்தினவங்க, வோஃபரின் குடிக்கிறவங்க வீட்டுல இந்த எண்ணெய் இருக்கான்னு கேட்டு சொல்றாரு.

நாங்க மாத்தினது

கிளினிக்குல கேள்விய மாத்திட்டோம். குடிக்கிறது, தடவுறது, கட்டுறது, வேது புடிக்கிறது, நாலையும் தனித்தனியா கேக்குறோம், தமிழ்ல. வோஃபரின் அறிவுரை தாள் எங்ககிட்ட சிங்களத்துல மட்டும்தான் இருந்துச்சி, இப்ப கையால தமிழ்ல எழுதி கொப்பியோட பின் அட்டையில ஒட்டுறோம், அதுல வலி எண்ணெய்யும் பாமும் மொத வரியிலயே இருக்கு. தண்ணி குளிசை புதுசா தொடங்கினா 2 வாரத்துக்குள்ள பொட்டாசியம் பாக்கணும்னு டொக்டர்கிட்ட ஞாபகப்படுத்துற பொறுப்ப நான் எடுத்துருக்கேன், அந்த குளிசைய எத்தனை மணிக்கு குடிக்கிறாங்கன்னும் கேக்குறேன். பொம்பளைங்ககிட்ட மாசப்போக்கு பத்தி ஒவ்வொரு தடவையும் கேக்குறோம், மத்தவங்களுக்கு கேக்காம திரைக்கு பின்னால.

மாறாதது மலையில கக்கூசு. தலைவர்கிட்ட சொல்லியிருக்கு, தோட்டத்து ஒஃபிசுக்கும் கடிதம் போயிருக்கு, இன்னும் ஒண்ணும் நடக்கல. போன கிளினிக்குல அக்காவோட தண்ணி போத்தல வாங்கி பாத்தேன், மத்தியானம் 1 மணிக்கும் பாதிக்கு மேல அப்படியே இருந்துச்சி. அடுத்த தடவ பொட்டாசியம் திரும்ப பாக்கணும்னு கொப்பியில சிவப்பு பேனையால எழுதி விட்டுருக்கேன்.